வானம் பார்க்க இலவச மென்பொருள்: எதை, எந்த வரிசையில், எப்படி அமைப்பது

வானம் பார்க்கும் ஆசை வந்து இணையத்தில் தேடினால் நீளமான பட்டியல்கள் கிடைக்கும். எல்லாமே இலவசம் என்று போட்டிருக்கும். ஆனால் எது எதற்கு, எதை முதலில் நிறுவுவது, எந்த அமைப்பைத் தொடாமல் விட்டால் திரையில் தெரியும் வானமும் தலைக்கு மேலே தெரியும் வானமும் ஒத்துப்போகாது என்பதை அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. நானும் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு மென்பொருளை ஒரே நாளில் இறக்காதீர்கள். ஒன்றை மட்டும் நிறுவுங்கள். அது உங்கள் வானத்தோடு அப்படியே ஒத்துப்போகும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம். கீழே உள்ள முதல் ஐந்து படிகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1. கணினியைப் பற்றி மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்

இயங்குதளத்தின் பதிப்பு, அது 64 பிட்டா 32 பிட்டா, கிராஃபிக்ஸ் கார்டு எது. இந்த மூன்றும் கையில் இல்லாமல் டவுன்லோடு பக்கத்துக்குப் போனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் முதல் இரண்டும் கிடைக்கும். மேக்கில் ஆப்பிள் மெனுவில் ‘அபௌட் திஸ் மேக்’ பாருங்கள்; இன்டெல் சில்லா ஆப்பிள் சில்லா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு ஏன் முக்கியம் என்றால், இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை ஓபன்ஜிஎல் என்ற வரைகலைத் தொழில்நுட்பத்தை நம்பித்தான் வானத்தை வரைகின்றன. திறந்தவுடன் கறுப்புத் திரை வந்தாலோ மூடிக்கொண்டாலோ, பெரும்பாலும் காரணம் கார்டின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் சிறு மென்பொருள், பழையதாக இருப்பதுதான். மென்பொருளை அழித்து மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பயன் இல்லை. கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள்.

2. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இன்றிரவு என்ன தெரியும் என்று பார்க்க: ஸ்டெல்லேரியம். பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கணினி பழையது, கிராஃபிக்ஸ் கார்டு பலவீனம் என்றால்: கார்ட்ஸ் டு சியேல். ஸ்கைசார்ட் என்ற பெயரும் உண்டு. படம் போல அழகாக இருக்காது. அச்சிட்ட நட்சத்திர வரைபடம் போல இருக்கும், இலகுவாக ஓடும்.

தொலைநோக்கியைக் கணினியிலிருந்து ஓட்ட: கேஸ்டார்ஸ். அதன் உள்ளேயே எகோஸ் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. மோட்டார் வைத்த மவுன்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) வாங்கும்வரை இது தேவையில்லை.

பூமியை விட்டுக் கிளம்பிக் கோள்களுக்கிடையே பறக்க: செலெஸ்டியா, கையா ஸ்கை.

நிலவை மட்டும் நுணுக்கமாகப் பார்க்க: விர்ச்சுவல் மூன் அட்லஸ்.

எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் பிரவுசரிலேயே ஓடும் ஸ்டெல்லேரியம் வெப், வேர்ல்ட்வைடு டெலஸ்கோப், நாசாவின் ஐஸ் ஆகியவை உள்ளன. இவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும். இருட்டைத் தேடி ஊருக்கு வெளியே போகும்போது கைகொடுக்காது.

இனி வரும் படிகளை ஸ்டெல்லேரியத்தை வைத்தே சொல்கிறேன்.

3. சரியான இடத்திலிருந்து இறக்குங்கள்

தேடுபொறியில் வரும் முதல் இணைப்பை நம்பாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம். இலவச மென்பொருளை அள்ளி வைத்து, கூடவே வேறு குப்பையையும் கணினியில் ஏற்றிவிடும் தளங்கள் நிறைய. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் (stellarium.org). கோப்பு சில நூறு எம்பி இருக்கும். சராசரி இணைப்பில் சில நிமிட வேலைதான்.

பணம் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். கணினிக்கான ஸ்டெல்லேரியம் ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். பதிவு எண், கணக்கு, அட்டை விவரம் எதுவும் கேட்காது. நன்கொடை கொடுப்பது உங்கள் விருப்பம். கைப்பேசிச் செயலி தனி. அதில் கட்டணப் பதிப்பும் உண்டு. ‘ஸ்டெல்லேரியம் காசு கேட்கிறது’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறுவும்போது விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி ‘அறிமுகமில்லாத மென்பொருள்’ என்று தடுக்கலாம். சிறு குழுக்கள் எழுதும் கட்டற்ற மென்பொருள்களுக்கு இப்படி வருவது சகஜம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியது உறுதி என்றால் மட்டும் ‘மோர் இன்ஃபோ’ அழுத்தித் தொடருங்கள். உறுதி இல்லையென்றால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். 2022 அக்டோபரில் 1.0 வந்தது. அதற்குப் பின் ஆண்டை வைத்து 23.1, 24.1 என்று எண் போடுகிறார்கள். 0 என்று தொடங்கும் பதிப்பை வைத்து எடுத்த பயிற்சிக் காணொளிகள் இன்னும் நிறைய உலவுகின்றன. அவற்றில் காட்டும் பொத்தான் உங்கள் திரையில் வேறு இடத்தில் இருக்கலாம்.

4. இடத்தையும் நேரத்தையும் சரி செய்யுங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். அதனால் பொறுமையாகச் செய்யுங்கள்.

எஃப்6 அழுத்துங்கள். இடம் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் வரும். இணைய இணைப்பை வைத்து நீங்கள் இருக்கும் இடத்தை மென்பொருளே ஊகிக்கும் ஒரு வசதி அதில் இருக்கிறது. அந்த ஊகம் உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறதோ அதைக் காட்டும். விபிஎன் போட்டிருந்தால் வேறு கண்டத்துக்கே கொண்டுபோய் விடும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் கையால் தரும் இடம் நிலைக்காது.

பிறகு அட்சரேகை, தீர்க்கரேகையை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எந்த இணைய வரைபடத்திலும் உங்கள் வீட்டின் மேல் அழுத்தினால் இரண்டு எண்களும் கிடைக்கும். இதில் இரண்டு பொறிகள். ஒன்று, கிழக்கு மேற்கு மாறிப்போவது. பூமி 1 டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. 60 டிகிரி கிழக்கு என்பதை 60 டிகிரி மேற்கு என்று கொடுத்தால் 120 டிகிரி பிசகும். அதாவது எட்டு மணி நேர வித்தியாசம். இரண்டாவது, டிகிரியும் கலையும் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) தசமமும் கலந்துபோவது. 10 டிகிரி 30 கலை என்பது தசமத்தில் 10.5. அதை 10.30 என்று எழுதக் கூடாது. வெறும் கண்ணால் பார்க்க இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. ஆனால் நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரம், கிரகணம் தொடங்கும் நேரம் போன்றவற்றைப் பார்க்கும்போது இந்தப் பிழையும் நேரத்தைத் தள்ளிவிடும்.

அதே ஜன்னலில் நேர மண்டலமும் இருக்கிறது. இடத்தை மாற்றினால் நேர மண்டலமும் சரியாக மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வெளியே இரவு, திரையில் வெயில் என்றால் கோளாறு இங்கேதான். கணினியின் கடிகாரமே தவறாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதைத் தானாகச் சரி செய்யும்படி இயங்குதளத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்றானதும் ‘இந்த இடத்தை இயல்பாக வைத்துக்கொள்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பழைய இடம்தான் வரும்.

5. திரை சொல்வது உண்மையா என்று வெளியே போய்ப் பாருங்கள்

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டாதீர்கள். வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அது கிட்டத்தட்ட உங்கள் அட்சரேகை. திரையில் அதை அழுத்தினால் இடது மேல் மூலையில் உயரம் டிகிரியில் வரும். வெளியே கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டியை முஷ்டிமேல் அடுக்கி எண்ணுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது அடிவான மங்கலில் மறைந்துவிடும். தெற்கே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் நிலவை வைத்துப் பார்க்கலாம். திரையில் நிலவுக்குப் பக்கத்தில் எந்தப் பிரகாசமான நட்சத்திரம் அல்லது கோள் இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். நிலவு ஒரு மணி நேரத்தில் தன் விட்டம் அளவுக்கு நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துவிடும். அதனால் நேரம் தவறாக இருந்தால் இந்த இடைவெளியிலேயே தெரிந்துவிடும்.

நேரத்தை ஓட்டிப் பார்க்க ஜே, கே, எல் விசைகள் உண்டு. எல் வேகமாக்கும், ஜே மெதுவாக்கிப் பின்னோக்கி ஓட்டும், கே இயல்பு வேகம். விளையாடி முடித்ததும் 8 அழுத்துங்கள்; அப்போதுதான் இப்போதைய நேரத்துக்கு வரும். கே அழுத்தினால் வேகம் மட்டும்தான் இயல்பாகும், தேதி நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும். அப்படியே மறந்துவிட்டு வெளியே போனால் நாளை மறுநாள் வானத்தை இன்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

6. உங்கள் வானத்தின் வெளிச்சத்தைச் சொல்லுங்கள்

திரையில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், வெளியே எண்ணி முப்பது. இதைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். எஃப்4 அழுத்தி வானம் பற்றிய பகுதிக்குப் போனால் ஒளி மாசு அளவை மாற்றலாம். வானத்தின் இருட்டைக் குறிக்கும் ‘போர்ட்டில்’ (Bortle) என்ற அளவுகோலில் 1 என்பது நல்ல இருட்டு, 9 என்பது பெருநகர மையம். தெருவிளக்குகளுக்கு நடுவே இருக்கிறீர்களா, 8 அல்லது 9 வையுங்கள். திரையில் இருந்த கூட்டம் கரைந்து, நீங்கள் பார்க்கும் அதே சில நட்சத்திரங்கள் மிஞ்சும். அப்புறம் அடையாளம் காண்பது வெகு சுலபம். சி அழுத்தினால் விண்மீன் குழுக்களின் கோடுகள், வி அழுத்தினால் அவற்றின் பெயர்கள்.

எஃப்3 தேடும் பெட்டி. கார்த்திகைக் கூட்டம் வேண்டுமென்றால் எம்45 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். திருவாதிரைக்குப் பீட்டல்ஜூஸ், சுவாதிக்கு ஆர்க்டூரஸ், சித்திரைக்கு ஸ்பைகா, கேட்டைக்கு அன்டாரஸ்.

இவ்வளவும் செய்தபின் எஃப்2 திறந்து அமைப்புகளைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். மாற்றங்கள் உடனே திரையில் தெரிவதால் சேமித்தாயிற்று என்றே தோன்றும். ஆனால் மூடித் திறந்தால் பல மாற்றங்கள் காணாமல் போயிருக்கும்.

எஃப்2-விலேயே கூடுதல் நட்சத்திரப் பட்டியல்களை இறக்கும் வசதியும் இருக்கிறது. முதலில் வருவதிலேயே சுமார் 6 லட்சம் நட்சத்திரங்கள் உள்ளன. இருண்ட வானத்தில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரிவது சில ஆயிரம்தான். எனவே தொலைநோக்கி இல்லாதவர்கள் கூடுதல் பட்டியலுக்காக இணைய டேட்டாவையும் வன்வட்டு இடத்தையும் செலவழிக்கத் தேவையில்லை.

7. தொலைநோக்கி இருந்தால் மட்டும்

எஃப்2, ப்ளகின்ஸ் (கூடுதல் வசதிகள்), ஆக்குலர்ஸ் என்று போங்கள். தொலைநோக்கியில் தெரியும் வட்டத்தைத் திரையில் காட்டும் ப்ளகின் இது. ‘தொடங்கும்போதே ஏற்று’ என்பதை டிக் செய்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் ‘ப்ளகின் வேலை செய்யவில்லை’ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதில் கேட்கும் விவரங்கள்: தொலைநோக்கியின் விட்டம், குவியத் தூரம், கண்ணருகு வில்லையின் குவியத் தூரம், அதன் தோற்றப் புலம் (வில்லைக்குள் பார்க்கும்போது தெரியும் வட்டத்தின் கோண அகலம்). முதல் இரண்டும் குழாயின் மேல் ஒட்டிய பட்டையில் இருக்கும். மூன்றாவது வில்லையின் மேலேயே பொறித்திருக்கும். நான்காவதைப் பெட்டியிலோ தயாரிப்பாளர் குறிப்பிலோ தேட வேண்டும். 1200 மிமீ குவியத் தூரத் தொலைநோக்கியில் 25 மிமீ வில்லை போட்டால் 48 மடங்கு பெரிதாகும். தோற்றப் புலம் 50 டிகிரி என்றால் உண்மையில் தெரிவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு முழு நிலவுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அளவு. கன்ட்ரோல் + ஓ அழுத்தினால் அந்த வட்டம் திரையில் வந்து நிற்கும்.

தலைகீழ், இடவல மாற்ற டிக்குகளை விட்டுவிடாதீர்கள். நியூட்டன் வகைத் தொலைநோக்கி படத்தை 180 டிகிரி திருப்பிக் காட்டும். கிடைமட்டம், செங்குத்து இரண்டு டிக்கும் போடுங்கள். கண்ணாடி வைத்த டயகனலோடு (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) லென்ஸ் தொலைநோக்கி என்றால் படம் நேராக இருக்கும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். கிடைமட்டம் மட்டும் போதும். வியாழனின் நான்கு நிலவுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று திரையையும் வில்லையையும் ஒப்பிட்டால் சரியா என்று தெரிந்துவிடும்.

8. வால்நட்சத்திரம் திரையில் வரவில்லையா?

செய்தியில் புதிய வால்நட்சத்திரம் என்று படித்துவிட்டுத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் நிறுவிய நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது எப்படி அதில் இருக்கும்? சோலார் சிஸ்டம் எடிட்டர் என்ற ப்ளகினை ஏற்றி, சிறுகோள்கள், வால்நட்சத்திரங்களின் விவரங்களைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர் பட்டியலிலிருந்து சுற்றுப்பாதை விவரங்களை இறக்குங்கள். பார்க்கப் போகும் வாரத்தில் ஒருமுறை புதுப்பியுங்கள். செயற்கைக்கோள்களுக்கு இது இன்னும் அவசியம். சுமார் 400 கிமீ உயரத்தில் பறக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் காற்றின் உராய்வால் தாழ்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது எஞ்சின் இயக்கி மேலே ஏற்றுவார்கள். பழைய விவரத்தை நம்பினால் அது உங்களைக் கடந்து போனபின் அண்ணாந்து பார்ப்பீர்கள்.

9. வெளியே பறக்க

செலெஸ்டியாவில் என்டர் தட்டிப் பெயரை அடித்து, மறுபடி என்டர், பிறகு ஜி அழுத்தினால் அங்கே கொண்டுபோகும். டி அழுத்தினால் அதுவே ஒரு சுற்றுலா காட்டும், அதிலிருந்தே தொடங்குங்கள். வழி தவறினால் ஹெச், ஜி, சூரியனுக்குத் திரும்பிவிடலாம். வெள்ளிக்கு ஏன் பிறை தெரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. கையா ஸ்கை இன்னும் பிரமாண்டம். ஆனால் தரவுத் தொகுப்புகளைத் தனித்தனியாக இறக்க வேண்டும், பெரியவை பல ஜிபி. சிறியதை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. படம் எடுப்பவர்களுக்கு

மங்கலான பொருள்களைப் பல படங்களாக எடுத்து ஒன்றாக அடுக்க சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் இரண்டும் இலவசம். கோள்களின் காணொளிக்கு ஆட்டோஸ்டேக்கர்ட். இங்கே செலவு மென்பொருளில் இல்லை, வன்வட்டில். 24 மெகாபிக்சல் கேமரா என்று வையுங்கள். 2.4 கோடி பிக்சல், மூன்று நிறம், நிறத்துக்கு 4 பைட்; 32 பிட்டில் ஒரு படம் 288 எம்பி ஆகிறது. நூறு படம் கிட்டத்தட்ட 29 ஜிபி. அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பிரதி எழுதப்படும். 100 ஜிபி காலி இல்லாமல் இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கினால், காலையில் இடமில்லை என்ற செய்திதான் இருக்கும். 16 பிட் என்று மாற்றினால் பாதியாகும்.

வானத்தின் படங்களோடு கூடவே டார்க், ஃப்ளாட், பயாஸ் என்ற மூன்று வகைத் துணைப் படங்களையும் மென்பொருள் கேட்கும். டார்க் என்பது மூடி போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேர அளவு, அதே வெப்பநிலையில் எடுப்பது. பயாஸும் மூடி போட்டுத்தான், ஆனால் கேமராவின் மிகக் குறைந்த நேர அளவில். ஃப்ளாட் என்பது சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுப்பது. குவியத்தை மாற்றாமல், கேமராவைத் திருப்பாமல் எடுக்க வேண்டும். கேமராவைக் கழற்றிவிட்டால் ஃப்ளாட் எடுக்கும் வாய்ப்பு போய்விட்டது. படப்பிடிப்பு முடிந்த கையோடு, எதையும் பிரிப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

11. இருட்டுக்குக் கிளம்பும் முன்

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போகிறீர்கள் என்றால் முந்தைய நாளே வீட்டில் முடிக்க வேண்டியவை: போகும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எஃப்6-இல் தனிப் பெயரில் சேர்த்துச் சேமித்தல், வால்நட்சத்திர விவரங்களைப் புதுப்பித்தல், பிறகு இணையத்தைத் துண்டித்து ஒருமுறை திறந்து பார்த்தல்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளைத் திரை ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து. கன்ட்ரோல் + என் அழுத்தினால் திரை சிவப்பாகும். ஆனால் மென்பொருளின் ஜன்னல் மட்டும்தான் சிவக்கும். கீழே உள்ள டாஸ்க்பார் அப்படியே வெள்ளையாக இருக்கும். எஃப்11 போட்டு முழுத்திரை ஆக்கி, பிரகாசத்தையும் அடிமட்டத்துக்குக் குறையுங்கள்.

கடைசியாக, உங்கள் அமைப்புகள் எல்லாம் கான்ஃபிக் என்ற ஒரு சிறு கோப்பில் இருக்கின்றன. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், ஸ்டெல்லேரியம் என்ற ஃபோல்டரில் பார்க்கலாம். எல்லாம் சரியாக ஓடும் நாளில் அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். என்றாவது திரை ஏடாகூடமாக வந்து, எந்த அமைப்பு கெட்டது என்று தெரியாமல் போனால், மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பின் பெயரை மாற்றுங்கள். மறுபடி திறக்கும்போது மென்பொருள் புதிதாக நிறுவியது போலத் தொடங்கும். அப்போது திரை சரியாக வந்தால், பென்டிரைவில் இருக்கும் கோப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.